பின்சீட்டில் எத்தனை பேர்?

1

போன மாதம் அண்ணையின் புதுக் காரைப் படம் பிடித்து ஊருக்கு அனுப்பியிருந்தேன். படம் கிடைத்த அன்றே சித்தப்பா தொலைபேசியில் வந்துவிட்டார்.

“பிள்ளை, கொண்ணை பாலனுக்கு என்ன விசர் பிடிச்சுதோ? லண்டனிலை இருந்துகொண்டு ஆராவது பழங்கார் வாங்குவினமோ? இஞ்ச சங்கக்கடை மனேச்சரே யப்பான் கார் வைச்சிருக்கிறார்.”

நான் வாய் திறப்பதற்குள் லைன் வெட்டுப்பட்டுப் போனது. சித்தப்பாவின் தொலைபேசி எப்போதும் அப்படித்தான், கேள்வி வரும்வரை நன்றாக வேலை செய்யும். அவரைப் போல நினைக்கிறவர்கள் இங்கேயும் இருக்கிறார்கள். இங்கே நோர்பரியில் ஒரு பெண்பிள்ளையின் சாமத்திய வீட்டுச் சடங்கில், “பாலன் அண்ணைக்கு வயசு போன நேரத்திலை இளந்தாரி ஆசை” என்று ஒருவர் என் காதுபடவே சொன்னார். எனக்குக் கோபம் சட்டென்று வரும். சபையில் வைத்து வாயைக் கொடுக்க விரும்பாமல் கேசரியைச் சாப்பிட்டுவிட்டு வந்துவிட்டேன். அங்கே சொல்லாமல் விட்டதை இங்கே எழுதிவிடுகிறேன்.

கார் அறுபத்தொன்பதாம் ஆண்டு அமெரிக்காவில் செய்தது. பெரிய என்ஜின், நீண்ட முகம், இரண்டே இரண்டு கதவுகள். இந்த வகைக் கார்களை மசில் கார் என்பார்கள். இங்கே வெள்ளைக்கார இளைஞர்கள் அதன் பின்பக்கத்தை உயர்த்தியோ பதித்தோ அழகு பார்ப்பார்கள். உயரம் எவ்வளவு என்பது அவர்களுக்கு ஸ்டைல் பற்றிய விஷயம். எங்கள் வீட்டில் அது மலர் மச்சாளின் முழங்கால் பற்றிய விஷயம்.

2

மலர் மச்சாள் என் அண்ணையின் மனைவி. எண்பத்தேழில் ஊரில் ஷெல் துண்டு பட்டு இடது முழங்கால் மடங்காமல் போய்விட்டது. நடப்பார், படியேறுவார், நின்று நின்றே ஐம்பது பேருக்கு இடியப்பம் அவிப்பார். இருக்கும்போது மட்டும் அந்தக் கால் நேரே முன்னால் நீட்டிக்கொண்டு நிற்கும்.

அண்ணையும் மச்சாளும் முதலில் ஜேர்மனிக்குத்தான் போனார்கள். அண்ணை அங்கே லொறி திருத்தும் கராஜில் நெடுங்காலம் வேலை செய்தார். ஜேர்மன் பாஸ்போர்ட் கையில் கிடைத்ததும், பிள்ளைகள் இங்கிலிஷ் படிக்க வேண்டும் என்று எல்லாவற்றையும் கட்டிக்கொண்டு லண்டனுக்கு வந்தார்கள். நாங்கள் லண்டனில் மிச்சம் என்ற இடத்தில் பலசரக்குக் கடை வைத்திருந்ததால் பக்கத்துத் தெருவிலேயே வீடு பார்த்துக் கொடுத்தோம். மகன் தீபனும் மகள் சுமியும் இங்கிலிஷ் படித்தார்கள், நன்றாகவே படித்தார்கள். படித்து முடித்ததும் இருவரும் வேலை கிடைத்து ஜேர்மனிக்கே திரும்பிப் போய்விட்டார்கள். அவர்களுக்குக் கனவு வருவதே ஜேர்மன் மொழியில்தானாம், சுமி ஒருமுறை சொன்னாள். பிள்ளைகளுக்காக லண்டனுக்கு வந்த தாய் தகப்பன் மட்டும் லண்டனில் மிஞ்சினார்கள்.

இனிக் காருக்கு வருகிறேன். ஜேர்மனியில் சாரதி இடப்பக்கம் இருப்பார், கூடப் போகிறவர் வலப்பக்கம். இங்கே ஊரைப் போல மறுவளம். உங்களுக்கும் எனக்கும் இது பெரிய விஷயமில்லை. மச்சாள் காரில் ஏறுவதென்றால் சீட்டுக்கு முதுகைக் காட்டி நின்று, பின்பக்கமாக இருந்துகொண்டு, பிறகு உடம்பை முன்னுக்குத் திருப்ப வேண்டும். வலப்பக்கக் கதவென்றால் மடங்காத இடது கால் முதலில் உள்ளே போகும், நல்ல கால் நிலத்தில் ஊன்றித் தள்ளிக் கொடுக்கும். இடப்பக்கக் கதவென்றால் நல்ல கால் முதலில் உள்ளே போய்விடும், மற்றது வெளியே தனியே நீட்டிக்கொண்டு நிற்கும். அதை யாராவது பிடித்துத் தூக்கி உள்ளே வைக்க வேண்டும்.

யாராவது பிடிப்பது என்பதுதான் மச்சாளுக்கு ஆகாதது. “கையை எடுங்கோ” என்பார். கோபமாக அல்ல, ஈ கலைப்பது போலச் சாதாரணமாகச் சொல்வார். பிள்ளைகளையும் அப்படித்தான் பழக்கியிருந்தார். அம்மா தடுமாறினால்கூட அவர்கள் கிட்டப் போகாமல் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார்கள். பார்க்கிறவர்கள் கல்நெஞ்சுப் பிள்ளைகள் என்று நினைப்பார்கள்.

ஆகவே லண்டனில் வாங்கிய சின்னக் காரில் மச்சாள் முன்சீட்டைக் கைவிட்டார். பின்சீட்டில் குறுக்காக இருந்து காலைச் சீட்டின் நீளத்துக்கு நீட்டிக்கொள்வார். முகம் கண்ணாடிப் பக்கம் இருக்கும். அண்ணையோடு பேசுவதென்றால் கழுத்தைத் திருப்ப வேண்டும். “என்னைப் பார்சல் கட்டி ஏத்தியிருக்கினம்” என்று சிரிப்பார். அந்தச் சிரிப்பு எனக்கு ஒருநாளும் பிடித்ததில்லை. அண்ணைக்கும் பிடிக்கவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

கவுன்சிலில் இருந்து ஊனமுற்றோர் வாகன அட்டைக்கு ஒரு படிவம் வந்தது. காரில் ஏறி இறங்க இன்னொருவரின் உதவி தேவையா என்று அதில் ஒரு கேள்வி. ஆம் என்று ஒரு பெட்டி, இல்லை என்று ஒரு பெட்டி. மச்சாள் இரண்டுக்கும் நடுவில் பேனையால் மூன்றாவது பெட்டி ஒன்று கீறி, அதில் சரி போட்டு, பக்கத்தில் ‘காரைப் பொறுத்தது’ என்று எழுதி அனுப்பிவிட்டார். இனி அட்டை வந்த மாதிரித்தான் என்று நான் தலையில் கை வைத்தேன். கவுன்சிலில் இருந்து ஒரு வெள்ளைக்காரப் பெண் நேரே வந்து பார்த்தார். மச்சாளின் வடையைச் சாப்பிட்டுவிட்டு, இத்தனை வருட வேலையில் படிவத்தில் பெட்டி சேர்த்தவரை இப்போதுதான் பார்க்கிறேன் என்றார். அட்டையும் வந்தது. நானாக இருந்தால் ஆம் என்று போட்டுவிட்டு மிச்ச வேலையைப் பார்த்திருப்பேன்.

3

அண்ணை அந்த அமெரிக்கக் காரை வாங்கியது அதற்குப் பிறகு. ஸ்டியரிங் இடப்பக்கம், ஆகவே பக்கத்துச் சீட் வலப்பக்கம். இரண்டு கதவுக் கார் என்பதால் ஒவ்வொரு கதவும் சாதாரணக் கதவைவிட நீளம். சீட் நன்றாகப் பின்னுக்குத் தள்ளுப்படும். மடங்காத கால் ஒன்று எதிலும் இடிபடாமல் உள்ளே போவதற்கென்றே செய்து வைத்தது போல இருந்தது. ஒரு பழைய ஜேர்மன் காரும் இதற்குப் போதும்தானே என்று கேட்டேன். அண்ணை என்ஜினை ஸ்டார்ட் பண்ணிக் காட்டினார். சரி, ஆசையும் இருந்ததுதான். மனைவிக்காகச் செய்கிற காரியத்தில் ஒருவர் தன் ஆசையையும் கொஞ்சம் சேர்த்துக்கொண்டால் குற்றமா?

கார் வந்தபோது அதன் பின்பக்கம் படுத்துக் கிடந்தது. அந்தக் கார்களுக்குப் பின்னால் லொறிக்கு இருப்பது போலத் தகட்டு ஸ்பிரிங்தான். வளைந்த இரும்புத் தகடுகளை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கி, அதன் நடுவில் சக்கர அச்சைக் கட்டியிருப்பார்கள். ஐம்பது வருடத்துக்குக் கிட்டச் சுமந்த தகடுகள் வளைவு போய் நேராகிவிட்டன. மச்சாள் ஏறிப் பார்த்தார். இருக்க முடிந்தது, ஆனால் பள்ளத்துக்குள் விழுந்தது போல. எழும்ப முடியவில்லை. நெடுநேரம் முயற்சி செய்து, கதவைப் பிடித்து, சீட்டைப் பிடித்து, வியர்க்க வியர்க்கத் தானாகவே வெளியே வந்தார். அண்ணை பக்கத்தில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

அடுத்த நாளே அண்ணை அளக்கத் தொடங்கினார். வீட்டில் மச்சாள் எந்தக் கதிரையில் இருந்து லேசாக எழும்புகிறார் என்று கவனித்து வைத்திருந்து, அவர் குளிக்கப் போன நேரம் பார்த்து அதன் உயரத்தை அளந்துகொண்டு வந்தார். கார் சீட்டின் மெத்தை எவ்வளவு அமுங்கும் என்று பார்த்து அதையும் கணக்கில் சேர்த்தார். முன்சீட் இரண்டு அச்சுகளுக்கும் நடுவில், சற்றுப் பின்னுக்கு இருப்பதால், பின்பக்கம் இரண்டு அங்குலம் உயர்ந்தால் சீட் ஓர் அங்குலத்துக்குக் கொஞ்சம் கூடத்தான் உயரும் என்று எனக்கு விளங்கப்படுத்தினார். எனக்கு விளங்கியது, ஒரு மனிதன் தன் மனைவி எழும்புவதை இத்தனை வருடமாக எவ்வளவு கூர்ந்து பார்த்திருக்கிறான் என்பதுதான். என்னை அப்படி ஒருவரும் அளந்ததில்லை. என் கணவர் இதை வாசித்தால் வாசிக்கட்டும்.

கென்ற் பக்கம் ஸ்பிரிங் தகடு அடிக்கும் ஒரு பட்டறை இருந்தது. அதை நடத்துகிற வயதான ஆங்கிலேயரோடு தொலைபேசியில் பேச அண்ணை என்னைக் கூப்பிட்டார். அண்ணையின் இங்கிலிஷுக்குள் ஜேர்மன் வந்து புகுந்துகொள்ளும், பேச்சு சூடு பிடித்தால் முழுக்க ஜேர்மனாகிவிடும். அந்த மனிதர் பொறுமையாகக் கேட்டார். தொழிற்சாலையில் இருந்து வந்த அதே உயரமா, ஓர் அங்குலம் கூடவா, குறையவா? சாதாரணத் தகடா, பாரம் ஏற்றும் தகடா? கடைசியாக, வழக்கமாகப் பின்சீட்டில் எத்தனை பேர் வருவார்கள் என்று கேட்டார்.

நான் அண்ணையிடம் திருப்பிக் கேட்டேன்.

“நாலு பேர் எண்டு சொல்லு. தீபன்ர சின்னனுகளும் வருங்கள். ஒரு தகடு கூடப் போடச் சொல்லு.”

அண்ணை இளவயதில் ஊரில் வாடகைக் கார் ஓட்டியவர். கோயில் திருவிழா என்றால் ஒரு ஒஸ்ரின் காருக்குள் பத்துப் பேர், டிக்கிக்குள் இரண்டு வாழைக்குலை. ஒவ்வொரு வாடகைக் காருக்கும் ஒரு தகடு கூடப் போட்டே ஆக வேண்டும். கார் என்றால் நிறைய ஆட்கள் என்பது அவருடைய இரத்தத்தில் ஊறிய எண்ணம். நானும் நாலு பேர் என்றே மொழிபெயர்த்தேன்.

4

புதுத் தகடுகள் பூட்டியதும் காரின் பின்பக்கம் வாலைத் தூக்கிய பூனை போல நின்றது. நாலு பேரின் எடையை எதிர்பார்த்து நிற்கிற தகடுகள் அவை. எடை இல்லையென்றால் இறங்காது.

மச்சாள் வந்து சீட்டுக்கு முதுகைக் காட்டி நின்றார். சீட்டின் விளிம்பு தொடையின் நடுவில் முட்டியது. நல்ல காலின் விரல் நுனியில் எம்பிப் பார்த்தார், எட்டவில்லை. மறுபடி எம்பினார். அண்ணை தன்னை மறந்து ஒரு கையை நீட்டிவிட்டார்.

“கையை எடுங்கோ.”

மூன்றாம் முறை ஏறிவிட்டார். ஆனால் எங்கள் மிச்சம் பகுதித் தெருக்களில் கவுன்சில் கட்டியிருக்கிற வேக மேடுகள் உங்களுக்குத் தெரியாது. ஒவ்வொரு மேட்டிலும் கார் துள்ளியது. ஒவ்வொரு துள்ளலுக்கும் அந்த நீட்டிய கால் அதிர்ந்தது. அடுத்த வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போக, சின்னக் காரின் பின்சீட்டுக் கதவைத் தானே போய்த் திறந்துகொண்டார். அண்ணையின் முகத்தை அன்றைக்குப் பார்த்திருக்க வேண்டும்.

மூன்று நாள் கழித்து அண்ணை கடைக்கு வந்தார்.

“இருபது கிலோ அரிசி மூட்டை எத்தினை நிக்குது?”

“ஏன்?”

“தா. பிறகு சொல்லுறன்.”

மூட்டைகளை டிக்கிக்குள் போடவில்லை. ஆட்கள் இருக்கிற இடத்தில்தான் பாரம் இருக்க வேண்டும் என்று பின்சீட்டில் இரண்டு பக்கமும் அடுக்கி, நடுவில் சின்ன இடைவெளி விட்டு, பெல்ட்டும் போட்டார். கார் மெதுவாக இறங்கி, அவர் அளந்து வைத்த உயரத்தில் வந்து நின்றது. மச்சாள் வந்தார், இருந்தார், காலை உள்ளே எடுத்தார், கதவைச் சாத்தினார். வேக மேட்டிலும் கார் பதமாக ஏறி இறங்கியது. அண்ணையின் சந்தோசத்தைச் சொல்லி முடியாது.

அதற்குப் பிறகு அந்த அரிசி லண்டன் முழுக்கச் சுற்றியது. டிராம் நிறுத்தத்தில் நிற்கிற பள்ளிப் பிள்ளைகள் கண்ணாடிக்குள் எட்டிப் பார்த்துச் சிரித்தார்கள். புழுங்கல் அரிசி இருக்கோ என்று கடைக்கு வந்து கேட்டவர்களுக்கு, கடையில் முடிந்துவிட்டது, அண்ணையின் காரில் இருக்கிறது என்று சொன்னேன். இரண்டு பேர் காரைத் தேடிப் போய் வாங்கவும் பார்த்தார்கள். அண்ணை விடவில்லை.

5

குட்மேய்ஸில் சொந்தக்காரரின் புது வீட்டுக் குடிபூரலுக்கு மூவரும் அந்தக் காரில் போனோம். திரும்பி வரும்போது நான் பின்சீட்டில் மூட்டைகளுக்கு நடுவில் நெருங்கிக்கொண்டு இருந்தேன். சிவப்பு விளக்கில் கார் நின்றது. மச்சாள் திரும்பிப் பின்னால் பார்த்தார். என்னைத்தான் பார்க்கிறார் என்று நினைத்துச் சிரித்தேன். மூட்டைகளைப் பார்த்தார்.

“இஞ்சருங்கோ, இதுகள் ஆர்?”

“என்ன கேள்வி? அரிசி,” என்றார் அண்ணை.

“அரிசி எண்டு தெரியும். ஆருக்குப் பதிலா இருக்குதுகள் எண்டு கேக்கிறன். அந்தப் பக்கம் தீபனும் மனுசியும். இந்தப் பக்கம் சுமியும் சின்னனுகளும். என்ன, சரியோ?”

விளக்கு பச்சையானது. பின்னால் ஒருவன் ஹோர்ன் அடித்தான். அண்ணை காரை எடுத்தார். வீதியைப் பார்த்தபடி சொன்னார்.

“தகடு குறைச்சால், பிள்ளையள் வந்து ஏறேக்கை கார் பதிஞ்சு போம்.”

“பதியட்டும்.”

“பதிஞ்சால் உமக்கு எழும்ப ஏலாது.”

“அதை அண்டைக்குப் பாப்பம். அவை வருசத்துக்கு ஒருக்கா வருவினம், சில வருசம் வராயினம். மற்ற நாளெல்லாம் நீங்களும் நானும்தான். எங்கள் ரெண்டு பேருக்கும் ஒரு காரைச் செய்யுங்கோவன்.”

எனக்கு மூட்டைகளுக்கு நடுவில் இருந்து அழுகை வந்தது. சத்தமில்லாமல் மூக்கைத் துடைத்துக்கொண்டேன். பிள்ளைகள் இனி இங்கே வந்து இருக்கப் போவதில்லை என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். எங்கள் வீடுகளில் அதை ஒருவரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. மச்சாள் சொன்னார், அதுவும் ஒரு குறையும் வைக்காமல், புருசனின் மனம் நோகாமல் சொன்னார். என் அண்ணைக்கு வாய்த்த மனிசியை நினைத்து அன்றைக்கு நான் பெருமைப்பட்டது போல ஒருநாளும் பட்டதில்லை.

அடுத்த நாள் அண்ணை என்னைக் கூப்பிடாமல் தானே அந்தப் பட்டறைக்குத் தொலைபேசி எடுத்தார். எங்கள் கடை மேசையில் இருந்துதான் பேசினார். பின்சீட்டில் ஒருவரும் இல்லை, இரண்டு பேர்தான், முன்னால், என்று தன் இங்கிலிஷில் மெதுவாகச் சொன்னார். ஒரு ஜேர்மன் சொல்கூடக் கலக்கவில்லை. பேசி முடித்து நான் கொடுத்த தேத்தண்ணியைக் கையில் வைத்துக்கொண்டு அது ஆறும்வரை இருந்தார். பட்டறைக்காரர் தகடுகளைத் திருப்பி எடுத்து, கூடப் போட்ட ஒன்றைக் கழற்றி, மிச்சத்தை இரண்டு பேருக்கு ஏற்றபடி வளைத்துத் தந்தார்.

இந்தத் தகடுகளைப் பூட்டுவதில் ஒரு நுணுக்கம் உண்டு. கார் ஜாக்கியில் தொங்கும்போது அதன் இரண்டு முனைப் போல்ட்டுகளையும் இறுக்கக் கூடாது. பாரம் நான்கு சில்லுகளிலும் இறங்கிய பிறகுதான் இறுக்க வேண்டும், இல்லையென்றால் உயரம் பொய் சொல்லும். அண்ணை தன் வீட்டுக் கராஜில் காரைச் சரிவுப் பலகைகளில் ஏற்றி நிறுத்தினார்.

“மலர், நீர் உம்மட சீட்டிலை ஏறி இரும். தங்கச்சி, நீ என்ர சீட்டிலை இரு.”

“நான் ஏன்?”

“எனக்குப் பதிலா. எடை சரியா வரும்.”

என் எடையும் அண்ணையின் எடையும் ஒன்று என்பதை அவர் எப்போது கண்டுபிடித்தார் என்று எனக்குத் தெரியாது, கேட்கவும் விரும்பவில்லை. மச்சாள் பலகை உயரத்துக்கு ஒரு முக்காலியில் ஏறி, சீட்டில் இருந்து, சேலைத் தலைப்பைச் சரி செய்துகொண்டார். காலடியில் ஸ்பானர் இறுகுகிற சத்தம் கேட்டது. நாங்கள் இரண்டு பேரும் ஊர்வலத்துக்குப் போகிறவர்கள் போலக் கராஜுக்குள் அசையாமல் இருந்தோம்.

கார் நிலத்துக்கு வந்ததும் மச்சாள் ஒருமுறை இறங்கி, மறுபடி ஏறினார். முதுகைக் காட்டி நின்றார், இருந்தார், காலைத் திருப்பி உள்ளே எடுத்தார், அந்த நீளக் கதவைத் தானே இழுத்துச் சாத்தினார். எங்கும் நிற்கவில்லை, எதையும் பிடிக்கவில்லை.

“இனிப் போவம்,” என்றார்.

அன்று மாலை எங்கள் கடையைத் தாண்டி அந்தக் கார் போனது. மச்சாள் முன்சீட்டில் நேரே வீதியைப் பார்த்துக்கொண்டு, அண்ணைக்கு ஏதோ சொல்லிக்கொண்டு போனார். என்னைக் கவனிக்கவே இல்லை. சித்தப்பாவுக்கு அனுப்பியது அன்றைக்கு எடுத்த படம்தான். அதில் மனிதர்களைப் பாருங்கள் என்று எழுதி அனுப்பியிருக்க வேண்டும், அவர் காரை மட்டும் பார்த்துவிட்டார்.

6

ஈஸ்டர் விடுமுறைக்குத் தீபன் மனைவியையும் இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வந்தான். சுமிக்கு லீவு கிடைக்கவில்லை. பேரப்பிள்ளைகளுக்கு அந்தக் காரைக் கண்டதும் வேறெதுவும் வேண்டாம் என்றாகிவிட்டது. எல்லோரும் ஏறினார்கள். பின்பக்கம் நிலத்தைத் தொடப் பார்த்தது. அண்ணை குனிந்து சில்லைப் பார்த்தார், பிறகு மச்சாளைப் பார்த்தார், காரை எடுத்தார்.

சுற்றிவிட்டு எங்கள் கடை வாசலில் வந்து நிறுத்தினார்கள். நான் வெளியே வந்தேன். அண்ணை இறங்கித் தன் சீட்டை மடக்கிவிட, தீபன் அந்தப் பக்கத்தால் இறங்கி வந்தான். மருமகளும் பிள்ளைகளும் இன்னும் பின்னால் இருந்தார்கள், சின்னது தாயின் மடியில் நித்திரை. மச்சாள் தன் கதவைத் திறந்து இரண்டு கால்களையும் வெளியே எடுத்து, நல்ல காலை ஊன்றி எழும்பினார். பாதியில் திரும்பச் சீட்டில் விழுந்தார். மறுபடி ஊன்றினார். முடியவில்லை.

அண்ணை கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். தீபனும் கதவுக்குப் பக்கத்தில் வந்து, சின்ன வயதில் பழகியபடி, கைகளைக் கட்டிக்கொண்டு நின்றான். முப்பது வயதைத் தாண்டியவன், இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன், தாய் தவிப்பதைப் பார்த்துக்கொண்டு ஒரு அடி கிட்ட வரவில்லை. அவனுக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று அவன் தாடையில் தெரிந்தது.

மச்சாள் மூச்சு வாங்கிக்கொண்டு நிமிர்ந்து பார்த்தார்.

“என்ன பாத்துக்கொண்டு நிக்கிறாய் தீபன்? கையைத் தா.”

தீபன் ஒருமுறை தகப்பனின் முகத்தைப் பார்த்தான். பிறகு இரண்டு கைகளையும் நீட்டினான். எழும்பி நின்ற பிறகும் மச்சாள் அந்தக் கைகளை உடனே விடவில்லை.